மூங்கில் கூடை வைத்த மோட்டார் சைக்கிள்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது தேய்க்க வேண்டும், இடிக்க வேண்டும், உரிக்க வேண்டும். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் துரு போனதே என் கோபத்தால்தான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குப் புளி காரணம்.

இது நடந்தது ஐம்பதுகளில். அண்ணன் பட்டாளத்தில் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். அப்பா இல்லாத வீடு. இருந்த கொஞ்சம் காட்டையும் கிணற்றையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். காலையில் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைப்பான். ஆனால் அவன் காதில் இஞ்சின் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கும் போல. மாதத்துக்கு ஒரு தடவை பெங்களூருக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளைக் கிளறுவான். கடைக்காரரிடம் முதலில் கன்னடத்தில் கேட்பானாம், மசியாவிட்டால் தெலுங்கில் கெஞ்சுவானாம், அதற்கும் மசியாவிட்டால் தமிழில் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவானாம். திரும்பும்போது சாமல்பட்டி ஸ்டேஷனில் ஒரு கோணிப்பையோடு இறங்குவான். ஒரு தடவை சக்கரம் வந்தது. ஒரு தடவை ஹேண்டில். ஒரு தடவை நசுங்கின தகர டப்பா மாதிரி ஒன்று. அதுதான் பெட்ரோல் டேங்க் என்றான். உலகச் சண்டைக்கும் முந்தின காலத்து வண்டியாம். ஒரே வண்டியின் சாமான் இல்லை, நாலைந்து வண்டிகளின் எலும்பு.

மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலை முழுக்க இரும்பு சேர்ந்தது. “எருமைக்குப் படுக்க இடமில்ல, எழவெடுத்த இரும்புக்கு இடமிருக்குது” என்று அம்மா கத்துவாள். அண்ணன் சிரிப்பான். அவனுக்கு அது ஒரு பைத்தியம். எனக்கு அப்போது அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது கால் சூம்பிய கால். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பு ஊன்றி நடப்பேன். அரை மைல் தாண்டினால் இடுப்பு விட்டுப்போகும். கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்து, ஆசிரியர் ட்ரெய்னிங்கும் முடித்து, வேலை உத்தரவுக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்கிற பெண்ணை எந்த அம்மா சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்? தூரத்துச் சொந்தத்தில் ஒருவர், பெண்டாட்டி தவறிப்போய் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். “கால் இப்படி இருக்கற பொண்ணுக்கு வேற யாருடி வருவாங்க?” என்பாள் அம்மா. அவள் சொன்னது கொடுமையில் சொன்னது இல்லை, பயத்தில் சொன்னது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைப் பார்த்து, “உக்காந்துகிட்டே அடுப்பு வேலை எல்லாம் செய்யுமா?” என்று கேட்டார். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவர் போனதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். கைக்குக் கிடைத்தது அந்தப் பெட்ரோல் டேங்க். மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். பித்தளைக் குடத்துக்குச் செய்கிற மாதிரி புளியைக் கரைத்து உள்ளே ஊற்றி, கூழாங்கல்லைப் போட்டு, பிள்ளையை ஆட்டுகிற மாதிரி ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். செம்மண் தண்ணீர் மாதிரி துரு கொட்டியது. நாலு நாள் ஆட்டினேன். அத்தனை கோபம் இருந்தது என்னிடம். ஐந்தாம் நாள் உள்ளே எட்டிப் பார்த்த அண்ணன், “அடேயப்பா! பாப்பா, நீ பட்டாளத்துல இருந்திருக்கணும்” என்றான்.

அன்றிலிருந்து அந்த வண்டி எங்கள் இரண்டு பேர் வண்டி ஆனது. அந்த வேலைக்கு நடக்கவே வேண்டாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வந்து சேரும். வால்வை அதன் குழியில் வைத்துத் திருப்பித் திருப்பித் தேய்த்து, காற்று புகாமல் உட்கார வைத்தது நான். கிணற்றில் இறைத்து இறைத்துக் கிழிந்துபோன சாலின் தோலை வெட்டி, எண்ணெய் கசியாமல் இருக்க வளையம் வளையமாக அறுத்துக் கொடுத்ததும் நான். அண்ணனுக்குப் பொறுமை கம்மி, நட்டைத் திருகி மரையைத் தின்றுவிடுவான். “கையா அது, கடப்பாறையா?” என்று பிடுங்கிக்கொள்வேன். எட்டு மாதம் இப்படிப் போனது.

சித்திரையில் ஒரு நாள் காலை இஞ்சின் பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அம்மா அடுப்பில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். இரும்பு தன்னால் துடித்துக்கொண்டிருந்தது. “அய்யோ, உசுரு வந்துடுச்சுடா!” என்றாள். உடனே தான் சொன்னது பிடிக்காமல் போய், எருமையைப் பிடிக்கப் போனாள்.

அடுத்த வாரம் எனக்கு உத்தரவு வந்தது. கல்லாவியில் பள்ளிக்கூடம். பள்ளி திறக்கிற திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சேர வேண்டும், சேராவிட்டால் உத்தரவு ரத்து. எங்கள் ஊரிலிருந்து ஏழு மைல். எங்கள் பக்கம் பஸ் கிடையாது. மாட்டு வண்டியில் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. மாடு அங்கே போய்விட்டால் கிணற்றில் யார் இறைப்பது? அங்கேயே ஒரு வீடு பிடித்துத் தங்குகிறேன் என்றேன். “ஒண்டியாவா? ஒரு பொம்பளப் புள்ள ஊர் பேர் தெரியாத இடத்துல ஒண்டியாவா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முடிவாகச் சொன்னாள்: “அந்தத் திங்கக்கெழமை வரைக்கும் பார்ப்பேன். வேலை இல்லைன்னு ஆச்சுன்னா அன்னைக்கே அவங்களுக்கு வாக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அண்ணன் சொன்னான், “வண்டியில நான் கொண்டுபோய் விடுறேன். சாயங்காலம் கூட்டிட்டு வரேன்.”

பின்னால் உட்கார்ந்து போக என் காலுக்குப் பிடிமானம் இல்லை. ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் கீழேதான் கிடப்பேன். அதனால் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் வைத்து ஒரு தொட்டில் கட்டுவது என்று முடிவானது. பட்டாளத்தில் அப்படி வண்டிகள் உண்டு என்றான். கொல்லர் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். பெங்களூரிலிருந்து வந்த உபரிச் சக்கரம் ஒன்று இருந்தது. ஆள் உட்காரத் தகரத்தில் செய்ய வழியில்லை. அதனால் கூடை முடைகிறவரிடம் போனோம். அவர் வீட்டில் தெலுங்குதான். அளவு சொன்னதைக் கேட்டு, கோழிக்கூண்டா, கல்யாணப் பல்லக்கா என்று தெலுங்கில் கேட்டார். “டீச்சர் உட்காரும் கூடை” என்று நான் தெலுங்கிலேயே சொன்னேன். மூன்று நாளில் முடைந்து கொண்டுவந்தார். முதுகு சாய உயரம் வைத்து, கம்பு வைக்க ஒரு பக்கம் வளையம் கூடப் போட்டிருந்தார். அந்த வளையத்தை நான் கேட்கவே இல்லை.

திறப்புக்குப் பதினொரு நாள் இருந்தது. பெட்ரோலும் கிரீசும் வாங்கிவர அண்ணன் கிருஷ்ணகிரிக்குப் போனான். “சக்கரத்துக் குண்டு பேரிங்குக்கு கிரீஸ் வச்சிட்டா முடிஞ்சுது, நாளைக்கு ஓட்டலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? கொட்டகைக் கூரையின் எரவாணத்தில் மாட்டு வண்டிக்குப் போடுகிற மை ஒரு கொட்டாங்கச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. எங்கள் மாட்டு வண்டி பத்து வருஷமாக அதில்தான் ஓடுகிறது. அச்சுக்கு அச்சு, மைக்கு மை என்று நினைத்தேன். அந்தப் பேரிங்குக்குள் வழிய வழிய அப்பி, மூடியைத் திருகி, துடைத்தும் வைத்துவிட்டேன். அண்ணன் வந்ததும், “கிரீஸ் போட்டாச்சு, டப்பாவுல அடியில கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு” என்று பொய்யும் சொன்னேன். நல்ல பெயர் வாங்க ஆசை, வேறென்ன.

மறுநாள் கிளம்பினோம். அவன் ஓட்ட, நான் கூடையில். ஏரிக்கரை ரோட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. என் பிறவியிலேயே நான் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. ஓடுவது என்றால் இதுதானா என்று தோன்றியது. மற்றப் பிள்ளைகள் ஓடும்போது அவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். அழுதுவிட்டேன். “என்ன பாப்பா?” என்று அண்ணன் கத்தினான். “தூசி!” என்று நானும் கத்தினேன்.

மூன்றாவது மைலில் கூடைச் சக்கரம் கீச்சென்றது. அடுத்த நிமிஷம் இறுகிப்போய் நின்றேவிட்டது. வண்டி இடது பக்கம் இழுத்துத் திரும்பி வாய்க்காலில் இறங்கியது. கூடை என்னைக் காப்பாற்றியது; முழங்கையில் சிராய்ப்போடு சரி. அண்ணன் ஹேண்டிலுக்கு மேலே பறந்து கல்லில் கையை ஊன்றி விழுந்தான். வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் நான் பெங்களூர்க் கடைக்காரரைத் திட்டினேன். தேய்ந்துபோன சாமானைத் தலையில் கட்டிவிட்டார், உருப்படுவாரா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அண்ணன் இடது கையாலேயே அந்தச் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே குண்டுகள் உடைந்து, கரியும் மண்ணும் பிசினாகிக் கிடந்தது. ஒரு விரலில் தொட்டு முகர்ந்தான். விளக்கெண்ணெய் வாசம் எனக்கே வந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான் போட்டேண்ணா. வண்டி மை.”

விரலைக் கோணியில் துடைத்தான். பிறகு வலியோடு சிரிக்க ஆரம்பித்தான். “பட்டாளத்துல இதுக்கு ஜெயிலு, தெரியுமா? மாட்டு வண்டி மையை வச்சுட்டியேடி!” அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. வண்டியின் மற்றச் சக்கரங்களுக்கு அதே அளவு பேரிங்கைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவனுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்களிடம் பத்து நாள் இருந்தது, அவனிடம் ஒரு கை இருந்தது.

கோபம் வந்தால் தேய்ப்பேன் என்றேன் இல்லையா? அந்த இரண்டு நாள் நான் எதையும் தேய்க்கவில்லை. பாத்திரம்கூடக் கழுவவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அவங்களை வரச் சொல்லும்மா, எனக்கு ஒண்ணுமில்ல” என்றேன். அம்மா இதைத்தானே மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்? சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் சொன்னான், குண்டு பேரிங்கே வேண்டாம், அதே இடத்தில் வெண்கலத்தில் ஒரு குழாய் மாதிரி வார்த்துக் கடைந்து போட்டால் அச்சு அதற்குள் சுற்றும் என்று. பாத்திரம் வார்க்கிற கன்னாரிடம் கேட்டுவிட்டும் வந்திருந்தான். பித்தளை சீக்கிரம் தேய்ந்துவிடும், வெண்கலம் இருந்தால் கொண்டுவாங்க, என்னிடம் இப்போது இல்லை, என்றிருக்கிறார். “வெண்கலத்துக்கு எங்க போறது” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் சுவரில் சாய்ந்தான்.

அம்மா எழுந்து ஏணியை எடுத்தாள். பரணில் ஏறி, பழைய சேலையில் சுற்றிய ஒன்றை இறக்கினாள். எனக்குத் தெரியும் அது என்ன என்று. நான் வயசுக்கு வந்த வருஷம் வாங்கி வைத்த வெண்கலப் பானை. என் கல்யாணச் சீருக்கு. ஒரு தடவைகூட அடுப்பில் ஏறாதது.

“அம்மா, வேண்டாம்மா.”

“வாயை மூடு. நீ இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பார்க்க எனக்குப் பயமா இருக்குதுடி. கோவிச்சுக்கோ, கத்து, எதையாவது போட்டு உடை. இப்படி உக்காராதே.” பானையை அண்ணன் காலடியில் வைத்தாள். “இதுல ஆகுமான்னு கேளு.”

நான்கு பேராகக் கன்னார் பட்டறைக்குப் போனோம், பானையையும் சேர்த்து. கன்னார் பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “சீர்ப் பானைங்களா இது?” என்று கேட்டார். ஆமாம் என்றாள் அம்மா. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். “பொண்ணுக்குன்னு வச்சதை, அடுப்பு காணாத பானையை, நான் உடைக்க மாட்டேங்க. எங்க தொழில்ல அது ஆகாது. வேற ஏதாவது ஓட்டை உடைசல் இருந்தா கொடுங்க” என்றார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “நான் வாங்கினது, நான் உடைக்கிறேன். ஆகாததெல்லாம் என் தலையோட போகட்டும்” என்று சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். கோயில் மணி மாதிரி சத்தம் வந்தது. பானை பிளந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ம், இனி நீங்க உருக்குங்க” என்றாள். நான் அன்றைக்கு அவள் மடியில் விழுந்து அழுதேன். இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

நாலு நாளில் வெண்கலக் குழாய் சக்கரத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கு என்ன போட வேண்டும் என்று பயந்துகொண்டே கேட்டேன். அண்ணன் எரவாணத்தைக் காட்டினான். “இதுக்கு உன் வண்டி மைதான் பாப்பா. இப்ப அப்பு, ஆசை தீர.” இனி வாரம் ஒரு தடவை போட்டாக வேண்டும் என்றும் சொன்னான்.

வண்டி தயார். ஓட்டுகிறவனுக்குக் கை இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் சண்டை உண்டு. நான்தான் சொன்னேன் என்பேன் நான். அது பழைய வண்டி. கியர் போடுவது கையால், டேங்குக்குப் பக்கத்தில். பிரேக் வலது காலில். பக்கத்தில் கூடை இருப்பதால் வண்டி சாயாது, கால் ஊன்ற வேண்டியதே இல்லை. என் இடது காலுக்கு அந்த வண்டியில் ஒரு வேலையும் கிடையாது. எட்டு மாதம் அதன் ஒவ்வொரு எலும்பையும் மடியில் வைத்துத் தேய்த்தவள் நான். இது எங்களுக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை?

ஏரி வற்றிக் கிடந்தது. நாற்று நடப் போகிற பெண்களைப் போலச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நாலு நாள் ஏரிக்குள் வட்டம் வட்டமாக ஓட்டினேன். அண்ணன் காலால் உதைத்துக் கிளப்பிவிட்டுக் கூடையில் ஏறிக்கொள்வான். கரையில் நின்றுகொண்டு அம்மா, “மெதுவாடி! பாவி, மெதுவா!” என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவ்வளவு தூரத்தில் இஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்கு அது கேட்டது. லைசென்ஸ் எல்லாம் பிறகுதான் எடுத்தேன், இப்போது சொல்வதில் பயமில்லை.

திங்கட்கிழமை காலை அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் காட்டில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் கட்டுப்போட்ட கையோடு கூடையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். வாய்க்கால் பக்கம் வந்தபோது அண்ணன் குனிந்து கூடைச் சக்கரத்தைப் பார்த்தான். சக்கரம் சத்தமில்லாமல் தாண்டிப் போனது.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வெளியே வந்தார். நேராகக் கூடைக்குப் போய், “வாங்க சார், நீங்கதான் புதுசா வர்றவரா?” என்று அண்ணனிடம் கேட்டார். “நான் சும்மா கூட வந்தவனுங்க. டீச்சர் அவங்க” என்று அண்ணன் தாடையால் என்னைக் காட்டினான். அவர் என்னையும் வண்டியையும் கூடையிலிருந்து அண்ணன் எடுத்து நீட்டிய கம்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிப்போய்ப் பதிவேட்டைத் திறந்து பேனாவைக் கொடுத்தார். எனக்குக் கை நடுங்கியது. பேனா நிற்கவே இல்லை.

“பயப்படாதீங்கம்மா. முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்.”

“பயமில்லீங்க சார். ஏழு மைல் பிடிச்சுட்டு வந்த கை. இன்னும் ஓடிக்கிட்டே இருக்குது” என்றேன். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினபோது அம்மா வாசலில் மண்பானையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொந்தக்காரருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மத்தியானமே ஆள் அனுப்பிவிட்டாளாம். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை பேர், ஒன்றும் கேட்கவில்லை. நேராக வண்டிக்குப் போய்க் கூடைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அதன் நடுவில் கையை வைத்துச் சூடு பார்த்தாள்.

“பானை நல்லா ஓடுச்சா?” என்று கேட்டாள்.

“நல்லா ஓடுச்சும்மா” என்றேன்.